திரும்பும் தேதி

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சூளகிரிக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை வாசலில், தன் விமான டிக்கெட்டில் திரும்பி வரும் தேதியைப் போட வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். அப்போது மணி எட்டு இருபது. ஐரோப்பாவில் ஆறு நாடுகளைக் காரில் சுற்றி வருவதற்கான ஒத்திகையில் நாங்கள் இருந்தோம்.

ஒத்திகை என் யோசனை. அதற்கு ஐந்து வாரம் முன்பு, ஜெர்மனியில் இருந்த எங்கள் ஒரே மகளிடமிருந்து ஈமெயில் வந்தது. மாப்பிள்ளைக்கு மே மாதக் கடைசியில் மூன்று வாரம் விடுமுறை. ஒரு வேனை வாடகைக்கு எடுத்து நால்வரும் கிளம்பலாம், ஓட்டுவது அவர் பொறுப்பு என்று எழுதியிருந்தாள். 'பிளான் எல்லாம் அப்பாதான் போடணும்' என்று முடித்திருந்தாள். பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் இருந்த பிரௌசிங் சென்டரில் அதைப் படித்து, அச்செடுத்துக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, மடித்து, குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள்.

எனக்குப் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் ஏற்படவில்லை. அன்றைய டைரியில் 'மகளிடமிருந்து ஈமெயில். அட்லஸ் வாங்க வேண்டும்' என்று மட்டும் இருக்கிறது. முந்தைய ஆண்டுதான் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். இருபத்தாறு ஆண்டுகள் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தவன். எந்த இயந்திரத்தில் எந்த வேலை எத்தனை மணி நேரம் நடக்கும், அடுத்தது எப்போது ஏறும் என்று பட்டைக்கோடுகளாக வரைந்து சுவரில் மாட்டுவது என் வேலை. ஓய்வுக்குப் பிறகும் காலையில் எழுந்து நாளைப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்வேன். பகுதிகள் முடிந்ததும் படுப்பேன். துக்கம் எதுவும் இல்லை. மரத்துப்போன கையை இன்னொரு கையால் தொட்டுப் பார்ப்பது போல எல்லாம் சற்றுத் தள்ளி இருந்தது. அந்த நேரத்தில் ஆறு நாடுகள், இருபத்தொரு நாட்கள் என்று ஒரு வேலை வந்தது நல்லதாயிற்று.

சாப்பாட்டு மேசையில் சார்ட் பேப்பரை விரித்தேன். மேலே நாட்கள், பக்கத்தில் மணிகள். ஸ்டுட்கார்ட்டில் புறப்பட்டு மியூனிக், சால்ஸ்பர்க், வெனிஸ், பிளாரன்ஸ், நீஸ், லியோன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், மறுபடி ஸ்டுட்கார்ட். சுவிட்சர்லாந்துக்குத் தனி விசா வேண்டும் என்பதால் அதைச் சுற்றிக்கொண்டு போகும்படி கோடு போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை தொலைபேசியில் கூப்பிடுவார்.

"மாமா, சுவிஸ விட்டுட்டு யாராவது யூரோப் போவாங்களா? தாஜ் மஹால் கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பற மாதிரி இருக்கு."

"இன்னொரு விசான்னா இன்னொரு பத்து நாள் ஆகும் மாப்பிள்ளை. ஆஸ்திரியாலயும் மலை இருக்கு."

"சரி, அத விடுங்க. மியூனிக்லேர்ந்து சால்ஸ்பர்குக்கு நாலு மணி நேரம் போட்டிருக்கீங்களே, நூத்தி நாப்பது கிலோமீட்டர்தான் மாமா."

"நாப்பது கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டேன். சேலம் போறப்போ அதுதான் வருது."

அவர் சிரித்த சிரிப்பு சமையலறை வரை கேட்டிருக்க வேண்டும். "இங்க நூத்தி இருபதுல போனாலே பின்னாடி இருக்கறவன் லைட் அடிப்பான் மாமா. வழியில மாடு படுத்திருக்காது."

அன்று மாலையே எல்லா மணிகளையும் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மாற்றி எழுதினேன். நூற்றிருபதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

என் மனைவி திட்டத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. ராகு காலத்தில் கிளம்பக் கூடாது. பெங்களூரில் அது எளிது. நாட்காட்டித் தாளிலேயே இருக்கும். ஆனால் ராகு காலம் என்பது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரிப்பதால் வருவது. மே மாதக் கடைசியில் ஸ்டுட்கார்ட்டில் பகல் பதினாறு மணி நேரம். அப்படியானால் ராகு காலம் ஒன்றரை மணி இல்லை, இரண்டு மணி. கிளம்பும் நாள் சனிக்கிழமை. மூன்றாவது பகுதி. காலை ஒன்பது இருபத்தைந்து முதல் பதினொன்று இருபத்தைந்து வரை. மாப்பிள்ளையிடம் உதய நேரங்களை வாங்கி, இருபத்தொரு நாட்களுக்கும் ஊர் வாரியாகக் கணக்கிட்டு, சார்ட்டில் சிவப்புப் பென்சிலால் அடைத்தேன்.

"கோடைல இங்க கடிகாரத்த ஒரு மணி முன்னாடி தள்ளி வைப்பாங்க மாமா. ராகுவுக்கு யாரு சொல்லுவாங்க?" என்றார் மாப்பிள்ளை. அதையும் சேர்த்துத்தான் கணக்கிட்டிருந்தேன். சொன்னேன்.

சார்ட்டை மனைவியிடம் காட்டினேன். சிவப்புக் கட்டங்களைப் பார்த்தாள். "இவ்ளோ போட வேண்டியதில்ல," என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது அவளுடைய முட்டி. நாற்பத்தேழு வயதிலேயே வலது முட்டியில் தேய்மானம். எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடியும், எத்தனை மணிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் மணிகளை இறுதி செய்ய முடியாது. ஆகவே ஒத்திகை. எங்கள் சிறிய வெள்ளைக் காரில் காலை ஆறு பத்துக்குக் கிளம்பி, அடுகோடி வழியாக ஒசூர் சாலையைப் பிடித்து, கிருஷ்ணகிரி வரை போய்த் திரும்புவது. அவள் பின் சீட்டில், வேனில் உட்காரப் போவது போலவே. மடியில் ஒரு தலையணை. அத்திப்பள்ளியில் ஒரு கேள்வி, ஒசூரில் ஒரு கேள்வி. அதற்குப் பிறகுதான் சூளகிரிக்கு முன்னால் அந்த டீக்கடை.

"வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டேன். குறிப்பேடு காரின் பானெட் மேல் திறந்திருந்தது.

"நாலுன்னு போட்டுக்கோங்க."

"ஒசூர்ல மூணுன்ன."

"அப்ப மூணரை போடுங்க." டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணு சொல்லணும். டிக்கெட்டுல எனக்குத் திரும்பி வர்ற தேதி போடாதீங்க."

"போடாம எப்படி?"

"நீங்க வாங்க. நான் அவகிட்ட இருக்கேன்."

"எத்தனை நாள்?"

"தெரியல. நாள்லாம் யோசிக்கல."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, அம்மாவுக்கு இன்னொரு டீ போடவா? வெயில் வர்றதுக்குள்ள குடிச்சிட்டுக் கிளம்புங்க, பின்னாடி லாரி கியூ வரும்," என்றார். வேண்டாம் என்றேன். அவள் "போடுங்க" என்றாள். இரண்டாவது டீயையும் நிதானமாகக் குடித்தாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரியும். வாய் அந்தப் பக்கம் போகவில்லை. திட்டப்படி கிருஷ்ணகிரி வரை போனோம். அங்கே பஸ் ஸ்டாண்ட் எதிரில் திரும்பி, பதினொன்று நாற்பதுக்கு வீடு வந்து சேர்ந்தோம். குறிப்பேட்டில் வலி விவரம் முழுவதும் இருக்கிறது. அதிகபட்சம் ஐந்து, திரும்பும்போது எலக்ட்ரானிக் சிட்டி அருகே.

அதன் பிறகு பதினொரு நாட்கள் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. காலையில் காபி வந்தது. பகலில் அவள் துணி மடித்தாள், நான் ஹோட்டல்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். மாடி அறையில் என் டைரிகள் வரிசையாக இருந்தன. ஒரு மதியம் அவற்றை எடுத்து, அவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். ஏதாவது நடந்திருந்தால் அதில் இருக்க வேண்டும். 'மனைவிக்குக் காய்ச்சல் 101.' 'மனைவி விவேக் நகர் தங்கை வீட்டுக்கு. இரவு சாப்பாடு வெளியில்.' 'மனைவிக்குக் கண்ணாடி மாற்றினோம்.' பத்தொன்பது டைரிகளையும் பார்த்தேன். சண்டை எதுவும் இல்லை. ஒரு இடத்தில்கூட அவள் சொன்னது எதுவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் மகளைக் கூப்பிட்டேன். வீட்டிலிருந்து கூப்பிடவில்லை.

"அம்மா அங்கேயே இருக்கேங்கறா," என்றேன்.

"தெரியும்பா. சொன்னாங்க."

"எப்போ?"

"பொங்கலுக்கு முன்னாடியே. கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமான்னு கேட்டாங்க. தனியா வரேன்னாங்க. நான்தான், அப்பாவும் வரட்டும்மா, எல்லாரும் சுத்திட்டு அப்புறம் நீ இருன்னு சொன்னேன். அதுக்குத்தான் இந்த ட்ரிப்பே."

பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு எண்கள். "சரிம்மா. பிளாரன்ஸ் ஹோட்டல் கன்ஃபர்ம் ஆயிடுச்சு," என்றேன்.

"அப்பா."

"வெச்சுடறேன்."

வீட்டுக்கு வந்து சார்ட்டைப் பார்த்தேன். கிழித்துவிடலாம் என்றுகூடத் தோன்றவில்லை. ஏழாம் நாளில் மதிய உணவுக்கு இடம் குறிக்காமல் விட்டிருந்தேன். அதைக் குறித்தேன்.

டிக்கெட் போடும் டிராவல் ஏஜென்ட் கடை எங்கள் தெருமுனையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. அவர் அறுபது வயதான முஸ்லிம் பெரியவர். தமிழில் தொடங்கி உருதுவில் முடிப்பார். நான் போகும்போது மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். அது வழக்கமில்லை.

"ஓபன் ரிட்டர்ன்லாம் விசாக்கு ஒத்துக்க மாட்டாங்க சாப்," என்றார் அவர். "போறவங்க எப்போ வருவாங்கன்னு அவங்களுக்குக் கட்டாயம் தெரியணும். வந்தவன் போறதுல அவங்களுக்கு அவ்ளோ இஷ்டம். சாருக்கு இருபத்தி நாலாவது நாள். மேடமுக்கு?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் மேசையிலிருந்த சின்ன விமான பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதிகமா எத்தனை நாள் இருக்கலாம்?" என்றாள்.

"தொண்ணூறு மேடம். தொண்ணூத்தி ஒண்ணுன்னா போலீஸ்."

"அப்போ தொண்ணூறு."

"அரே வாஹ்!" பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நம்ம வீட்டுல பீவி மூணு நாள் மைசூர் போனா நாலாவது நாள் வீடு குப்பைத் தொட்டி. நீங்க ரெண்டு மாசத்துக்கு மேல சமாளிப்பீங்களா சாப்? சாம்பார் வைக்கத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

"கத்துக்கங்க. சொல்ப கஷ்டம்தான், ஆனா உயிர் போகாது."

அவள் லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. அவர் தேதியைத் தட்டச்சு செய்தார். என் டிக்கெட்டும் அவள் டிக்கெட்டும் ஒரே கவரில் வந்தன.

விசாவுக்குச் சென்னைக்கு நேரில் போக வேண்டும். ஏப்ரலில் காலை ரயிலில் போய் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் ஒன்பது மணிக்கு ஜெர்மன் தூதரக அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். என் கோப்பில் பதினான்கு பிரிவுகள் இருந்தன. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மாள் தமிழர். சார்ட்டின் சிறிய நகலைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தி, "டூர் கம்பெனியா சார் நீங்க?" என்றார். இல்லை என்றேன். எல்லாவற்றையும் புரட்டினார். பிறகு இரண்டு விண்ணப்பங்களையும் அருகருகே வைத்தார்.

"உங்களுக்கு இருபத்தி நாலு நாள். மேடமுக்கு தொண்ணூறு. ஏன் சார்?"

"மகளோட இருக்க."

"டெலிவரியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாய் திறப்பதற்குள் என் மனைவி, "இல்லம்மா, சும்மாதான்," என்றாள்.

"சும்மான்னா ஆபீசர் கேப்பாரும்மா." அவர் என்னிடம் திரும்பினார். "சார், நீங்க ஒரு லெட்டர் குடுத்துடுங்க. மேடம் எதுக்கு இருக்காங்க, என்னைக்குத் திரும்பி வருவாங்க, கண்டிப்பா வந்துடுவாங்கன்னு. உங்க கைப்பட எழுதினா போதும்."

"அவளே எழுதட்டுமே. போறது அவதானே."

"போறவங்க எழுதினா என்ன சார் மதிப்பு? நீங்க இங்க இருக்கப் போறீங்க. நீங்க இருக்கறதாலதான் அவங்க வருவாங்க. அதுதான் ஆபீசருக்கு வேணும். பன்னெண்டு மணி வரைக்கும் கவுன்டர் இருக்கும்."

அப்போது மணி பதினொன்று ஐந்து. சுவரோரமாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். கோப்பிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, மேலே தேதியும் பெயர்களும் பாஸ்போர்ட் எண்களும் எழுதினேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. இரண்டு மாதமாகக் கேட்காததை இப்போது கேட்க வேண்டியிருந்தது.

"எதுக்குன்னு எழுதட்டும்?"

அவள் கைப்பையின் பிடியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நிஜமாவா?"

"நிஜமா."

"காலைல ஆறு மணிக்கு உங்களுக்குக் காபி. ஆறே முக்காலுக்கு நீங்க வாக்கிங். எட்டுக்கு டிபன். ராத்திரி பத்து வரைக்கும் என்னென்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். தப்பா எதுவும் இல்ல. நீங்க ஒண்ணும் சொல்றதில்ல, நானும் ஒண்ணும் சொல்றதில்ல. அலுப்புன்னுகூட சொல்ல மாட்டேன். அலுப்பு இருந்தாக்கூட ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றேன். அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. டைரியில்கூட எழுதியதில்லை.

"தெரியும்." அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க ராகு காலம் கணக்கு போட்டு சிவப்பு அடிச்சீங்களே, அன்னைக்கே தெரிஞ்சுது. மூணு நாள் உக்காந்து போட்டீங்க. எங்கிட்ட மூணு வார்த்தை பேசல. வீட்டுல ரெண்டு பேரும் இப்படியே இருந்தா எப்படி? யாராவது ஒருத்தர் எழுந்து போய்ப் பாக்கணும் இல்ல?"

"போனா திரும்பி வருவியா?"

"அங்க போய், வரணும்னு தோணுதான்னு பாக்கணும். இப்போ தெரியாது. தெரிஞ்சா சொல்லியிருப்பேன். அத எழுதுவீங்களா?" என்றாள்.

"எழுதினா விசா தர மாட்டாங்க."

"அதான்."

பக்கத்து நாற்காலியில் ஒருவர் தன் மகனுக்கு இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டே, இது கல்யாண வீடு இல்லை, உன் விசா இண்டர்வியூ என்று சீறிக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்தெட்டு. இருபத்தாறு ஆண்டு வேலையில், முடியும் என்று தெரியாத தேதியை ஒரு முறைகூட நான் எழுதிக் கொடுத்ததில்லை. மேலதிகாரிகள் கத்தியிருக்கிறார்கள். அப்போதும் தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறேன்.

'எங்கள் மகளுடன் சில வாரங்கள் இருப்பதற்காக என் மனைவி அங்கே தங்குகிறார்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அடுத்த வரியில் தேதி. அதற்கு முன்னால் 'கண்டிப்பாக' என்ற சொல் வர வேண்டும். பேனா அங்கே நின்றது.

"எழுதுங்க. பன்னெண்டு ஆகப்போகுது," என்றாள்.

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவள் வாங்கி முழுவதும் படித்தாள். ஒரு இடத்தில் காற்புள்ளி விட்டுப்போனதைக் காட்டினாள். போட்டேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மாள் வாசித்துவிட்டு, "கரெக்ட் சார். இவ்ளோதான்," என்றார்.

விசா வந்தது. நான் சார்ட்டில் இருபத்தொன்றாம் நாளுக்குக் கீழே ஒரு கோடு போட்டு நிறுத்தினேன். பயணம் நடந்தது. வெனிஸில் வாகன நிறுத்துமிடம் கிடைக்காமல் நாற்பது நிமிடம் தாமதம். மற்றபடி பெரும்பாலும் திட்டப்படி. அதன் விவரம் வேறு நோட்டில் இருக்கிறது. இருபத்து நான்காம் நாள் விமான நிலையத்தில் அவள் எனக்கு ஒரு தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்றேன். விட்டார்கள்.

பெங்களூரில் ஜூன் மழை. சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் பதினைந்து நாள் காலை ஆறு மணிக்கு எழுந்தேன். அதன் பிறகு ஒரு நாள் ஏழரை வரை தூங்கிவிட்டேன். வாக்கிங் போகவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் சமையலறையில் இருந்த டப்பாக்களை எல்லாம் கீழே இறக்கித் துடைத்து வேறு மாதிரி அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிடுவாள். முட்டி, மழை, மாப்பிள்ளையின் அலுவலகம். திரும்புவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுபத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, கூப்பிட்டாள்.

"டிக்கெட் மாத்தல. அந்தத் தேதிக்கே வரேன்."

"வரணும்னு தோணிச்சா?"

தொலைபேசியில் கடல் இரைவது போல ஒரு சத்தம். "நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்களே," என்றாள்.

"அதுக்காக வர வேணாம். அவ்ளோ பெரிய விஷயம் இல்ல அது."

"உங்களுக்கா?" என்றாள். சிரித்தாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. "அதுக்காகன்னு நான் சொல்லல. வரேன்னுதான் சொன்னேன்."

விமான நிலையத்தில் கூட்டத்தில் அவள் கொஞ்சம் மெலிந்து தெரிந்தாள். ஆட்டோவில் வரும் வழியில், அங்கே ஒரு குளக்கரையில் தினமும் தனியாக நடந்ததைப் பற்றிச் சொன்னாள். வாத்துகளைப் பற்றி நிறையச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். நடுவில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வீட்டில் கைகால் கழுவிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்து நின்றாள்.

"இதெல்லாம் யாரு மாத்தி வெச்சது?"

"நான்தான்."

ஒரு டப்பாவை எடுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டு போனாள். பிறகு அங்கிருந்து திரும்பி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"இருக்கட்டும். காபிப் பொடி எங்க?"

சொன்னேன்.